ஒன்றரைக் காலும் ஆறு காலும்

ஒன்றரைக் காலில் நடக்கிற ஒரு மனிதர், ஆறு நல்ல கால்களை வண்டிப்பெரியார் பஜாரில் பட்டப்பகலில் ஓட ஓடத் தோற்கடித்தார். அந்த ஆறில் இரண்டு, முப்பது வருடம் திருடர்களைத் துரத்தி உரமேறிய போலீஸ் கால்கள். காலை எட்டரையிலிருந்து பகல் ஒரு மணி வரை தேடியும் அந்த ஒன்றரைக் காலின் நிழலைக்கூட அவற்றால் மிதிக்க முடியவில்லை.

கம்பத்தில் இதைச் சொன்னால் சிரிப்பார்கள். குமுளியில் சொன்னால், கையிலிருக்கும் டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டு வசதியாகச் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். அந்த ஆறு கால்களில் இரண்டு சிசிலியுடையவை. அவள் பொய் சொல்கிறவள் இல்லை. கொஞ்சம் பெருக்கிச் சொல்வாள், அது வேறு.

எழுபத்து நாலாம் வருஷம், ஜனவரி மாதத்துச் சனிக்கிழமை அது. வெயிலும் குளிரும் ஒரே பாயில் படுத்துக்கிடக்கிற மாதம்.

கருங்காட்டு எஸ்டேட்டில் தேயிலைக் கொழுந்து லாரி என்றால் சிசிலியின் புருஷன் மரியஜோசப் என்று அர்த்தம். இருபத்தாறு வருடம் ஓட்டினார். மேல் டிவிஷனிலிருந்து ஃபேக்டரி வரை முப்பத்தொரு வளைவு. கண்ணைக் கட்டிவிட்டாலும் ஓட்டுவார் என்பார்கள். ஒருமுறை கட்டிக்கொண்டே ஓட்டினார் என்று சாதிக்கிறவர்களும் உண்டு. சாயங்காலம் தொழிலாளர் லயத்துக்கு மேலே, யூக்கலிப்டஸ் மரத்து வளைவில், அவருடைய ஹாரன் இரண்டு முறை கேட்கும். மற்ற டிரைவர்கள் ஒருமுறை அடிப்பார்கள். இரண்டு முறை என்றால் 'உலையில் அரிசியைப் போடு' என்று சிசிலிக்குத் தந்தி. கடைசி லோடை இறக்கிவிட்டு அவர் வீட்டுக்கு வரவும், சோறு வடியவும் சரியாக இருக்கும். மணி பார்க்கிற பழக்கமே அவளுக்கு இல்லாமல் போயிற்று.

இருபது மாதத்துக்கு முன்பு ஒரு காலை, லாரிக் கதவைத் திறந்து ஏறப்போனார். இடது பாதி ஏறியது. வலது பாதி தரையிலேயே நின்றுவிட்டது.

அன்றைக்கு வேலையை விட்டவள்தான் சிசிலி. கொழுந்துக் கூடையைக் கவிழ்த்து வைத்துவிட்டு, அவரை எடுத்துக்கொண்டாள். ஊட்டினாள், துடைத்தாள், சவரம் செய்தாள், சட்டைப் பொத்தானைப் போட்டாள், போட்ட பொத்தானைச் சரிபார்த்தாள். டீயை ஸ்பூனில் எடுத்து ஊதி ஊதிக் கொடுத்தாள். அவரைக் கடிக்க வருகிற கொசுகூட சிசிலியிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத்தான் உட்காரும். இத்தனை கவனிப்பில் அவர் விழவே இல்லை. எழுந்திருக்கவும் இல்லை.

அதற்கு முந்தின வாரம் சிசிலியின் அண்ணன் சூசையப்பன் கம்பத்திலிருந்து வந்து இறங்கியதும், ஒரு கூடை திராட்சையோடு ஒரு திட்டமும் கொண்டுவந்ததும் லயத்துக்கே தெரியும். ரிட்டயர்டு ஏட்டு அவர். கம்பத்து வீட்டின் பின்கட்டில் ஒரு அறையைக் காலி செய்து, கட்டில் போட்டு, வெளியே தாழ்ப்பாளும் வைத்துவிட்டார். திங்கட்கிழமை கார் வரும், மாப்பிள்ளை இனி அங்கேதான் என்று முடிவே செய்துவிட்டார். மலை ஏறி இறங்குகிற இடத்தில் நோயாளி எதற்கு என்பது அவருடைய சட்டம்.

பேசினால் குழறும் என்பதால் மரியஜோசப் பேச்சைச் சேர்த்து வைத்துச் செலவழிக்கிறவர். இரண்டு நாள் கழித்து ஒரே வாக்கியம் சொன்னார்: சனிக்கிழமை வண்டிப்பெரியாருக்குப் போய், ராக்கப்பன் கடையில் சவரம் செய்துகொண்டு வருவேன். தனியாக.

வீடு ரெண்டுபட்டது. மகள் ஞானஜோதி, எஸ்டேட் டிஸ்பென்சரியில் வேலை பார்க்கிறவள், அப்பா பக்கம். ஒன்றரை மாதமாக அவருக்கு விழப் பழக்கிக்கொண்டிருந்தாளாம், அம்மாவுக்குத் தெரியாமல்! டிஸ்பென்சரிக்குப் பின்னால் சாக்கு மூட்டைகளை விரித்து, இடது பக்கமாகச் சாய்ந்து விழுவது, புரள்வது, முட்டியை ஊன்றுவது, எதையாவது பிடித்து எழுவது. ரத்த அழுத்தம் பார்க்கத்தான் அவரை அங்கே கூட்டிக்கொண்டு போகிறாள் என்று சிசிலி நினைத்துக்கொண்டிருந்தாள். டாக்டரம்மாவிடம் போய் முறையிட்டால், அந்த அம்மாள் தன் கோட்டயம் தமிழில், "விழும்னு பயந்து கட்டிலில் கிடத்தினா, கட்டிலிலேயே தீர்ந்துபோகும் சிசிலி" என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

கடைசியில் ஒப்பந்தம் ஆயிற்று. காலை பஸ்ஸில் போக வேண்டும். ஃபேக்டரியின் ஐந்து மணிச் சங்கு ஊதி ஓய்வதற்குள் லயத்து வாசலைத் தொட வேண்டும். தொட்டால் கம்பத்துக் கார் காலியாகத் திரும்பும். தொடாவிட்டாலோ, வேறு யாராவது கைத்தாங்கலாகக் கூட்டிவந்தாலோ, திங்கட்கிழமை அவர் வாய் திறக்காமல் ஏறிக்கொள்வார். யாரும் பின்னால் போகக் கூடாது. மூன்று பேரும் மாதா படத்துக்கு முன்னால் சத்தியம் செய்தார்கள். மாதா எல்லாருக்கும் பொதுவாகச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

சனிக்கிழமை ஏழரைக்கு மரியஜோசப் கம்பை ஊன்றிப் படியேறினார். ரோட்டுக்குப் பதினெட்டுப் படி. சட்டைப் பையில் ஞானஜோதி எழுதிக் கொடுத்த சீட்டு இருந்தது: பேர், எஸ்டேட், லயத்து நம்பர், கீழே பெரிய எழுத்தில், 'இவர் விழுந்தால் உடனே தூக்காதீர்கள். கேட்டுவிட்டுத் தூக்குங்கள்.'

சிசிலி கையை அசைத்து வழியனுப்பினாள். அவர் தலை மறைந்ததும், கவிழ்த்து வைத்திருந்த கொழுந்துக் கூடையை எடுத்து முதுகில் போட்டாள். தலையில் முக்காடு, அதற்கு மேல் மழைக்குப் போர்த்துகிற பிளாஸ்டிக் தாள். இந்த வேஷத்தில் எஸ்டேட்டில் நானூறு பெண்கள் இருக்கிறார்கள். மாதாவுக்கே அடையாளம் தெரியாது என்பது அவள் கணக்கு. தேயிலைக்குள் குறுக்குப் பாதையில் விழுந்து இறங்கி, ஃபேக்டரி ஸ்டாப்பில் பஸ்ஸைப் பிடித்தாள். பின்வாசலில் ஏறி, இரண்டு முட்டைக்கோஸ் மூட்டைக்கு நடுவில் மூன்றாவது மூட்டையாக உட்கார்ந்தாள்.

முன்னால், டிரைவருக்குப் பக்கவாட்டில் இருந்த ஒற்றை சீட்டில், மரியஜோசப்பின் பின்னந்தலை. அது ஆடாமல் அசையாமல் இருந்தது. சிசிலிக்கு மூச்சு வந்தது.

அந்தக் காலத்து எஸ்டேட் பஸ்ஸை இப்போது நினைத்தாலும் முதுகு வலிக்கும், மனசு இனிக்கும். டீசலும் பச்சைக் கொழுந்தும் பீடியும் கலந்த அந்த வாசனையைப் பாட்டிலில் அடைத்து விற்றால் இன்றைக்கும் வாங்க ஆள் உண்டு. வளைவுக்கு வளைவு எல்லாரும் ஒரு பக்கம் சாய்வார்கள். சண்டைக்காரர்கள்கூட ஒருவர் மடியில் ஒருவர் விழுந்து சமாதானமாகிவிடுவார்கள். சிசிலி கல்யாணமான புதிதில் அவருடைய லாரியில் முன்னால் உட்கார்ந்து இதே ரோட்டில்தான் வந்தாள். வளைவில் சாய்ந்தது அவர் மேல். வேண்டுமென்றே வேகமாகத் திருப்பினார் என்று அவளுக்கு இன்றும் சந்தேகம்.

அந்த ஞாபகத்தில் முகம் மலரத் திரும்பியவள், இரண்டு சீட் தள்ளி ஒரு குரங்குக் குல்லாயைப் பார்த்தாள். வெயில் அடிக்கிற பஸ்ஸில் கண்ணும் மூக்கும் மட்டும் தெரியக் குல்லாய். கீழே பார்த்தாள். பாலீஷ் போட்ட போலீஸ் பூட்ஸ். கம்பத்து அண்ணன்.

அவர் அவளைப் பார்த்தார். முட்டைக்கோசுக்கு நடுவில் தங்கச்சி. இரண்டு பேரும் ஒரே நேரத்தில் விரலை வாயில் வைத்தார்கள்.

அப்போது கடைசி சீட்டில், பஸ்ஸுக்குள்ளேயே விரித்து வைத்திருந்த ஒரு குடை மெதுவாகத் தாழ்ந்தது. குடைக்குப் பின்னால் ஞானஜோதி. உலகத்திலேயே அப்பா மேல் அதிக நம்பிக்கை வைத்திருந்த பெண். அவள் முகம் வெட்கத்தில் தக்காளி மாதிரி இருந்தது. சத்தியம் செய்த மூன்று பேரும் ஒரே பஸ்ஸில், ஒரே பின்னந்தலையைப் பார்த்தபடி.

அவர்கள் மறந்த விஷயம் ஒன்றே ஒன்று. இருபத்தாறு வருடம் லாரி ஓட்டியவர் முன்னால் உட்கார்ந்தால் ரோட்டை மட்டுமா பார்ப்பார்? டிரைவரின் தலைக்கு மேலே ஒரு நீளக் கண்ணாடி இருந்தது. அதில் முட்டைக்கோஸ், குல்லாய், குடை எல்லாம் வரிசையாகத் தெரிந்தன. ஏறிய இடத்திலிருந்து மரியஜோசப் அதைத்தான் பார்த்துக்கொண்டு வந்தார். டிரைவர் பெரியமுத்து அவருடைய பழைய கூட்டாளி. அவரிடம் ஏதோ குனிந்து சொன்னார். பெரியமுத்துவின் தோள் குலுங்கியதை சிசிலி பார்த்தாள். ரோடு மோசம் என்று நினைத்துக்கொண்டாள்.

பெரியாற்றுப் பாலத்துக்கு இந்தப் பக்கம் பஸ் நின்றது. அங்கே யாரும் இறங்குவதில்லை, எல்லாருக்கும் மார்க்கெட்தான். மரியஜோசப் எழுந்தார். கம்பியைப் பிடித்தார். முன்வாசலில் முதலில் நல்ல காலை வைத்து, அப்புறம் மற்றதை இழுத்து, தரையில் நின்றார். விசில் பறந்தது. பஸ் கிளம்பிப் பாலத்தில் ஏறியது.

சூசையப்பன் குல்லாயோடு எழுந்து நின்று ஹோல்டான் என்று கத்தினார். கண்டக்டர், பாலத்தில் நிற்காது, அடுத்தது மார்க்கெட் என்றார். ஜன்னல் வழியே சிசிலி எட்டிப் பார்த்தாள். பாலத்து முனையில் அவள் புருஷன் கம்பைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, இடது கையை உயர்த்தி, போகிற பஸ்ஸுக்கு டாட்டா காட்டிக்கொண்டிருந்தார்.

மார்க்கெட்டில் இறங்கி மூன்று பேரும் பாலத்துக்கு ஓடினார்கள். லாரியும் மாட்டு வண்டியும் வழி விட வேண்டாமா. போய்ச் சேர்ந்தபோது பாலத்தில் ஆள் இல்லை.

சிசிலி முதலில் பார்த்தது ஆற்றை. தண்ணீர் குறைந்து பாறை தெரிந்தது. ஒவ்வொரு பாறையிலும் அவளுக்கு ஒரு வெள்ளைச் சட்டை தெரிந்தது. கரை இறங்கித் துணி துவைக்கிறவர்களைக் கேட்டார்கள். பிறகு ஆஸ்பத்திரி. எமர்ஜென்சியில் யாராவது வந்தார்களா என்று ஞானஜோதி விசாரித்தாள். விறகு வெட்டிக் காலில் காயம் பட்ட ஒருவர் மட்டும் இருந்தார். அவரை சிசிலி இரண்டு முறை புரட்டிப் பார்த்ததில் அவர் கோபித்துக்கொண்டார். பிறகு சூசையப்பன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போனார். காணாமல் போனவருக்கு வலது காலும் கையும் வராது, மெதுவாக இழுத்துத்தான் நடப்பார், எங்களிடமிருந்து தப்பி ஓடிவிட்டார் என்று விவரம் சொன்னார். எழுதிக்கொண்டிருந்த போலீஸ்காரர் பேனாவை வைத்தார்.

"நடக்கான் வய்யாத்த ஆளு ஓடிப்போயோ?"

சூசையப்பன் முப்பது வருட சர்வீஸில் நடக்க முடியாதவர் ஓடிப்போனாரா என்ற கேள்வியை எதிர்கொண்டதில்லை. வெளியே வந்து குல்லாயைக் கழற்றி முகத்தைத் துடைத்தார். மணி பன்னிரண்டு. சிசிலி ரோட்டோரக் கல்லில் உட்கார்ந்துவிட்டாள். நான் பெற்ற பிள்ளையைப் போலப் பார்த்தேனே, ஒரு நாள் கண்ணை எடுத்தேன், போச்சே என்று அழுதாள். திங்கட்கிழமை கார் வரட்டும், கிடைத்தால் போதும், கூட்டிக்கொண்டு போய்விடுங்கள் என்று அண்ணனிடமே சொல்லிவிட்டாள்.

ஞானஜோதிதான் குடையை மடக்கிக்கொண்டு சொன்னாள்.

"அம்மா, நாம அப்பா செத்துப்போயிருந்தா எங்கிட்டு இருப்பாரோ, அங்கிட்டெல்லாம் தேடிட்டோம். உசுரோட இருந்தா எங்க இருப்பாரு? அதச் சொல்லு."

சிசிலி அழுகையை நிறுத்தினாள். யோசித்தாள். சனிக்கிழமை. சனிக்கிழமைகளில் அவர் எங்கே இருப்பார் என்று அவளுக்குத் தெரியாதா? இருபத்தாறு வருடம் தெரிந்ததை இருபது மாதத்தில் எப்படி மறந்தாள்?

ராக்கப்பன் கடையில் ரேடியோ பாடிக்கொண்டிருந்தது. டிரைவரண்ணன் ஒன்பதரைக்கே வந்துவிட்டுப் போயாச்சே என்றார் ராக்கப்பன். ஜன்னலோர நாற்காலியில்தான் உட்கார்வேன் என்று, அதில் இருந்த ஆளைக் கிளப்பி உட்கார்ந்தாராம். இருபது மாதமாக யார் இந்த மீசையை வெட்டியது, ஆட்டுக்கு ரோமம் கத்தரித்த மாதிரி இருக்கிறதே என்று கேட்டாராம் ராக்கப்பன். மரியஜோசப் பேர் சொல்லவில்லையாம். சொல்லாமலே கடை முழுக்கச் சிரித்ததாம். சிசிலி முக்காட்டை இன்னும் கொஞ்சம் இழுத்துவிட்டுக்கொண்டாள்.

அடுத்தது நஞ்சப்பன் டீக்கடை. அங்கே சிரிப்பு நின்றது. கடைப் படியில் அவர் விழுந்துவிட்டார் என்றார் நஞ்சப்பன்.

சிசிலி தூணைப் பிடித்துக்கொண்டாள்.

நஞ்சப்பன் பாலக்காட்டுப் பக்கத்துக்காரர், பதற மாட்டார். "பயப்படாதீங்கம்மா. நாங்க நாலு பேரு தூக்க ஓடுனோமுங்க. கையக் காட்டி நிறுத்திப்போட்டாரு. பாக்கெட்டத் தொட்டுக் காமிச்சாரு. சீட்டு இருந்துச்சுங்க, படிச்சோம். தூக்கட்டுங்களான்னு கேட்டேன். வேண்டாம்னுட்டாரு."

அப்புறம் நடந்ததை நஞ்சப்பன் செய்தே காட்டினார். இடது பக்கமாகப் புரண்டாராம். முட்டியை ஊன்றினாராம். பெஞ்சுக் காலைப் பிடித்தாராம். ஒரு பீடி குடித்து முடிக்கிற நேரம் ஆனதாம். கடையில் ஒருத்தரும் டீயை உறிஞ்சவில்லையாம். எழுந்து நின்றதும் முழங்கையில் ரத்தத்தைப் பார்த்து, வேட்டியில் துடைத்துவிட்டு, உட்கார்ந்து டீ கேட்டாராம்.

"எப்படிக் குடிச்சாரு?" என்றாள் சிசிலி. அவளுக்கு அதுதான் கேட்கத் தோன்றியது. "கை நடுங்குமே. சிந்திடுமே. ஸ்பூன் குடுத்தீங்களா?"

"ஸ்பூன் எதுக்குங்க? அரை கிளாஸ் ஊத்துங்கன்னாரு. ஊத்துனேன். குடிச்சுப்போட்டு இன்னொரு அரை கிளாஸ் வாங்கிக் குடிச்சாரு. சொட்டுச் சிந்தலீங்க."

அரை கிளாஸ். சிசிலி அந்தக் கடைப் பெஞ்சைப் பார்த்தாள். இருபது மாதம். ஒரு நாளைக்கு இரண்டு டீ. ஸ்பூன் ஸ்பூனாக, ஊதி ஊதி, வாயைத் துடைத்துத் துடைத்து. கிளாஸில் பாதி ஊற்றலாம் என்று அவளுக்கு ஒரு நாளும் தோன்றவில்லை. அவரும் கேட்கவில்லை. கேட்டிருப்பாரோ? தான்தான் கேட்கவில்லையோ?

தபாலாபீஸுக்கு அவர்கள் போனது, அவர் அந்தப் பக்கம் போவதைப் பார்த்ததாக நஞ்சப்பன் சொன்னதால். அண்ணனையும் மகளையும் பஸ் பார்க்க அனுப்பிவிட்டு சிசிலி மட்டும் உள்ளே போனாள். கவுன்ட்டரில் அர்த்தநாரி, ஜன்னலைச் சாத்துகிற அவசரத்தில் இருந்தார். ஆமாம், வந்தார், ஒரு மணி நேரத்துக்கு மேல் இருந்தார் என்றார். மேஜையில் உட்கார்ந்து, சங்கிலி போட்டுக் கட்டிய, கட்டையில் நிப்பு செருகிய அந்தத் தபாலாபீஸ் பேனாவை மைக்கூட்டில் முக்கி முக்கி, இடது கையால் கடிதம் எழுதினார். நல்ல கை உள்ளவர்களுக்கே அந்தப் பேனா காகிதத்தைக் கிழிக்கும். இரண்டு இன்லண்ட் லெட்டர் பாழ். மூன்றாவதில் நாலு வரி நின்றது. எழுதித் தரட்டுமா என்று கேட்டதற்கு, இது நான்தான் எழுத வேண்டும் என்றாராம். பசையும் தானே ஒட்டிப் பெட்டியில் போட்டாராம்.

"யாருக்கு எழுதினார்னு அட்ரஸ் பார்த்தேன் அம்மா. உங்களுக்குத் தெரிஞ்சிருக்குமே" என்று அர்த்தநாரி வாயைத் திறந்தார்.

அவள் நெஞ்சில் ஒரு பேர் ஓடியது. நாலு வருடமாக அந்த வீட்டில் யாரும் சொல்லாத பேர். கோயம்புத்தூர் மில்லுக்குப் போன மகன் பவுல்ராஜ். இந்த வாசலை இனி மிதிக்காதே என்று அவனிடம் சொன்ன வாய்தான் இப்போது குழறுகிறது. அவனுக்கா? இல்லை, லாரி யூனியனுக்கா? இல்லை, அண்ணனைப் பற்றிப் புகார் எழுதி யாருக்காவதா?

கேட்டால் ஒரு நொடியில் தெரிந்துவிடும்.

இருபது மாதத்தில் அந்த மனிதரைப் பற்றி அவள் அறியாத ஒரு விஷயமும் இல்லாமல் போயிருந்தது. வயிறு எப்போது கலங்கியது, எத்தனை முறை இருமினார், எல்லாம் அவளுக்குத் தெரியும். அவரிடம் மிச்சமிருந்த ஒரே ரகசியம், ஒட்டிய பசை காயாமல், அந்தச் சிவப்புப் பெட்டிக்குள் கிடந்தது. அதற்காகத்தான் இந்தச் சவரம், இந்த சத்தியம், இந்த பஸ் எல்லாம் என்று அவளுக்குப் புரிந்தது.

"வேண்டாம் சார்," என்றாள் சிசிலி. "அவரு சொன்னாக் கேட்டுக்கிறேன்."

ஒரு மணி பஸ்ஸில் அவர் இல்லை. வேறு வழியில்லாமல் மூன்று பேரும் அதிலேயே ஏறி லயத்துக்குத் திரும்பினார்கள். இரண்டு மணி. மூன்று மணி. சூசையப்பன் படியேறி ரோட்டைப் பார்ப்பதும் இறங்கி வந்து வாட்சைப் பார்ப்பதுமாக இருந்தார். அந்தச் சாயங்காலம் மட்டும் அவர் ஏறி இறங்கிய படிகளைச் சேர்த்து வைத்தால் பழனி மலைக்கு நாலு தடவை போய் வரலாம். நாலு மணி. மூன்றரை பஸ்ஸும் வந்து போயிற்று. நாலரைக்கு அவர் மாப்பிள்ளையின் தகரப் பெட்டியை எடுத்து, துணிகளை மடித்து வைக்கத் தொடங்கினார். ஞானஜோதி தடுக்கவில்லை. மூலையில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சாக்கு மூட்டையில் விழக் கற்றுக்கொடுத்தது தான்தானே என்று அவளுக்கு உறுத்தல்.

சிசிலி அடுப்படியில் இருந்தாள். உலைத் தண்ணீர் கொதித்தது. எத்தனை பேருக்கு அரிசி போடுவது என்று தெரியாமல் அரிசி அளக்கிற படியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள்.

யூக்கலிப்டஸ் வளைவில் ஹாரன் கேட்டது.

பாம். பாம்.

கை தானாகப் போயிற்று. அரிசி உலையில் விழுந்துவிட்டது. அப்புறம்தான் அவளுக்கு என்ன கேட்டது என்பதே உறைத்தது. வாசலுக்கு ஓடினாள்.

மேலே ரோட்டில் கொழுந்து லாரி நின்றது. சனிக்கிழமை டீசல் அடிக்க அது எத்தனை மணிக்கு டவுனுக்கு வரும், எந்தப் பெட்ரோல் பங்கில் நிற்கும் என்று இருபத்தாறு வருட டிரைவருக்குத் தெரியாதா? பங்கில் போய்க் காத்திருந்து ஏறிக்கொண்டிருக்கிறார். இப்போது அதை ஓட்டுகிற செல்லத்துரை கதவைத் திறந்துவிட்டான். இறங்கிக் கை கொடுக்க வந்தவனை மரியஜோசப் வேண்டாம் என்று உட்கார வைத்தார். உடம்பைத் திருப்பி இடது கையை நீட்டி ஹாரன் அடித்ததும் அவர்தானாம். அதை ஊரறியச் சொன்னது செல்லத்துரை.

பதினெட்டுப் படி. இறங்குவதுதான் கஷ்டம். மணி ஐந்துக்கு மூன்று நிமிஷம்.

சிசிலியின் கால் முதல் படியில் ஏறிவிட்டது. ஏறிய காலை அவள் திரும்ப எடுத்தாள். உலகத்தில் அதைவிடக் கனமான சாமானை அவள் தூக்கியதில்லை. கீழே நின்று, முந்தானையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள், கைகள் நீண்டுவிடாமல் இருக்க.

கம்பு, நல்ல கால், மற்ற கால். கம்பு, நல்ல கால், மற்ற கால். லயத்துச் சனம் முழுக்க வாசலுக்கு வந்துவிட்டது. பத்தாவது படியில் ஒருமுறை ஆடினார். எல்லாரும் மூச்சை இழுத்ததில் தேயிலைச் செடிகள்கூட ஒரு பக்கம் சாய்ந்தன. அவர் நின்று, நிதானித்து, மறுபடி இறங்கினார். பதினேழாவது படியில் சங்கு ஊதத் தொடங்கியது. நீளமான சங்கு அது, ஒரு நிமிஷம் ஊதும். அது ஓய்வதற்குள் மரியஜோசப்பின் இடது கை வாசல் நிலையைத் தொட்டது.

மழுமழுவென்ற முகம். முழங்கையில் காய்ந்த ரத்தம். இடது கட்டைவிரலில் நீல மை. சிசிலி மையைப் பார்த்தாள். பார்த்ததை அவரும் பார்த்தார். அவள் ஒன்றும் கேட்கவில்லை.

அவர் மூச்சு வாங்கி முடித்து, சேர்த்து வைத்திருந்த பேச்சில் கொஞ்சம் செலவழித்தார்.

"மச்சான்... குல்லாய்... அரிச்சுச்சா?"

லயம் சிரித்ததில் சூசையப்பனுக்கு முகத்தை வைத்துக்கொள்ள இடமில்லை. ஆனாலும் ஏட்டு ஏட்டுதானே. நோட்டுப் புத்தகத்தை எடுத்தார். சங்கு ஊத ஆரம்பித்தபோது ஒரு படி பாக்கி இருந்தது என்றார். ஊதி முடியவில்லையே என்றாள் ஞானஜோதி. லாரியில் ஏறியது கணக்கா என்றார். பஸ்ஸில் மட்டும்தான் திரும்ப வேண்டும் என்று யாரும் எழுதிக் கொடுக்கவில்லை என்றாள் அவள். தனியாகத்தான் பஜாரைச் சுற்றினார் என்பதற்குச் சாட்சி யார் என்றார் அவர். நம்மில் யார் கண்ணால் பார்த்தது?



சிசிலி உள்ளே போய் டீ கொண்டுவந்தாள். ஸ்பூன் இல்லை. கிளாஸில் பாதிதான் இருந்தது. புருஷனுக்குப் பக்கத்தில் பெஞ்சில் வைத்துவிட்டு, இரண்டு அடி தள்ளிப் போய் நின்றுகொண்டாள். மரியஜோசப் கிளாஸைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். இடது கையால் எடுத்து, நிதானமாகக் குடித்து, காலி கிளாஸை வைத்தார். அவள் வந்து இன்னொரு பாதி ஊற்றினாள்.

சூசையப்பன் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். தகரப் பெட்டியில் தான் மடித்து வைத்த சட்டைகளைப் பார்த்தார். நோட்டில் எழுத எடுத்த பென்சிலைக் காதில் செருகினார்.

"முப்பது வருசம் சாட்சி சாட்சின்னு கேட்டே பழகிட்டேன் சிசிலி," என்றார். "இதுக்கு நம்மள்ல சாட்சி கெடையாது. பின்னாலயே மூணு பேரு போனோம். ஒருத்தரும் பாக்கல. அதனாலதான் சொல்றேன், மாப்ள தனியாத்தான் போயிருக்காரு, தனியாத்தான் சுத்தியிருக்காரு. நடந்தது நெசம்."